குஞ்சுக் கொட்டிலுக்கு எந்தச் சூடு? குண்டு பல்ப், கரி, உமி, நிலக்கரி

வன்னி என்றால் வெளியூரில் எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். இங்கே குளிரும் என்றால் சிரிப்பார்கள். 2022 டிசெம்பரில் புயலோடு வந்த ஈரக் குளிரில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்துச் செத்தன. அதைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். மாடே தாங்காத குளிரை நாற்பது கிராம் எடையுள்ள ஒருநாள் கோழிக்குஞ்சு எப்படித் தாங்கும்?

எங்கள் வீடு மல்லாவிப் பக்கம். வீட்டின் பின்சுவரோடு சேர்த்து ஒரு பத்தி (சாய்ப்புக் கொட்டில்) இறக்கி, ஒரு தடவைக்கு நூறு குஞ்சு எடுத்து வளர்க்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா படுக்கும் அறை. அம்மாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா) வருத்தம். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முடிவுகள் எல்லாம் இந்த ஒரு சுவரைச் சுற்றித்தான் வருகின்றன. உங்கள் கொட்டில் வீட்டிலிருந்து ஐம்பது யார் தள்ளி இருந்தால் நீங்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம்.

கடந்த தை மாதம் இங்கிலாந்திலிருந்து சித்தப்பா வந்திருந்தார். நான் இரவில் மூன்று தரம் எழும்பிப் போய்க் குஞ்சு பார்ப்பதைக் கண்டுவிட்டு, “பிள்ளை, ஏன் இந்தக் கரைச்சல்? நாங்கள் போன புதிதில் வீட்டை நிலக்கரி போட்டுத்தான் சூடாக்கினோம். படுக்கும்போது ஒருதரம் போட்டால் விடியும்வரை கிடந்து எரியும்” என்றார். சொன்னதோடு விடவில்லை. வவுனியாவில் மூடிக் கிடந்த ஒரு வார்ப்புப் பட்டறையிலிருந்து ஒரு சாக்கு நிலக்கரியும் வாங்கி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஆக, பல்ப், சிரட்டைக்கரி, உமி என்று மூன்றாக இருந்த பட்டியல் நாலாகியது.

முதலில், எவ்வளவு சூடு வேண்டும் என்று பார்ப்போம். முதல் வாரம் குஞ்சு நிற்கும் உயரத்தில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய மூன்று பாகை குறைத்துக்கொண்டு போகலாம். தை மாதத்து இரவில் இங்கே வெளியே இருபது பாகைக்குக் கிட்ட இருக்கும். அப்படியென்றால் நாம் ஏற்ற வேண்டியது பன்னிரண்டு, பதினைந்து பாகைதான். அதுவும் ஐந்தாறு அடி அகல வட்டத்துக்குள் மட்டும். குஞ்சொன்றுக்கு இரண்டு வாற்று என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. நூறு குஞ்சுக்கு 200 வாற்று, குளிரான இரவென்றால் இன்னும் கொஞ்சம். இந்த 200 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபது வாற்று குண்டு பல்ப் நாலு போட்டால் 240 வாற்று. கணக்கு முடிந்தது. பல்ப்பின் பெரிய நன்மை, அது புகைக்காது, காற்றைக் கெடுக்காது, சூடு கூடினால் ஒன்றை நிறுத்தலாம் அல்லது கயிற்றை உயர்த்தலாம். குஞ்சுகளே உங்களுக்குச் சொல்லித் தரும். பல்ப்பின் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். ஓரமாக ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கினால் எங்கோ ஓட்டைக்குள்ளால் காற்று வருகிறது. அங்குமிங்குமாகப் பரவிப் படுத்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம்.

ஆனால் இப்போது கடையில் பல்ப் என்று கேட்டால் எல்இடியைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். வெளிச்சம் வரும், சூடு வராது. முதல் தடவை வளர்க்கும் ஒரு தங்கச்சி எல்இடி நாலைக் கட்டித் தொங்கவிட்டு, “அக்கா, வெளிச்சம் பகல் மாதிரி இருக்கு, ஏன் குஞ்சு குடங்குது?” என்று கேட்டாள். குண்டு பல்ப் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வயரில் தொங்கவிடாமல் கம்பியிலோ சங்கிலியிலோ கட்டுங்கள். கீழே பரப்பியிருப்பது காய்ந்த உமி. பல்ப் அறுந்து விழுந்தால் குஞ்சோடு கொட்டிலும் போகும்.

நாலு பல்ப் பன்னிரண்டு மணித்தியாலம் எரிந்தால் மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று வாரத்துக்கு அறுபது யூனிட் மட்டில் வரும். வீட்டுப் பாவனையோடு சேர்ந்தால் பில் மேல் படிக்கு ஏறிவிடும் என்பதுதான் வலி. அதைவிடப் பெரிய வலி, மார்கழி மழையில் கறண்ட் போவது. மரக்கொப்பு ஒன்று வயரில் விழுந்தால் உட்பக்கக் கிராமங்களுக்கு விடியும்வரை வராது. நமக்குச் சூடு மிகவும் தேவைப்படும் இரவும், கறண்ட் போகும் இரவும் ஒரே இரவுதான். பல்ப்பை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

சரி, கறண்ட் போனால் எல்லோரும் எடுப்பது கரிச்சட்டியை. நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை இரவு, சுற்றிவர படங்கால் இறுக்கி மூடிவிட்டு, இரண்டு மண்சட்டியில் சிரட்டைக்கரி தணலாக்கி உள்ளே வைத்தேன். புகையே இல்லை, நல்ல இதமான சூடு. விடியப் பார்த்தால் முப்பத்தெட்டுக் குஞ்சு செத்துக் கிடந்தன. குளிரில் செத்தால் மூலையில் குவிந்து கிடக்கும். இவை பரவி, இருந்த இருந்த இடத்திலேயே, நித்திரை போலக் கிடந்தன. அன்று காலை அம்மாவும் தலையிடி என்று எழும்பவில்லை. வந்து பார்த்த கால்நடை வைத்தியர் குஞ்சை விட்டுவிட்டு முதலில் அம்மாவைத்தான் வெளிக் காற்றில் இருத்தச் சொன்னார்.

காரணம் காபன் மொனொக்சைட். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விறகு எரியும்போது கண் எரிகிறது, இருமுகிறோம், கதவைத் திறக்கிறோம். கரி அந்த எச்சரிக்கையைத் தராது. கரி சுடும்போது புகைக்கக்கூடியதெல்லாம் சூளையிலேயே போய்விடுகிறது, மிஞ்சுவது வெறும் காபன். அதனால் புகை இல்லை, ஆனால் இந்த வாயு ஏராளம். சாகாமல் தப்பிய குஞ்சிலும் பின்னால் வயிற்றில் நீர் கோக்கும் வருத்தம் வரலாம்.

கரியின் சூட்டைக் குறை சொல்ல முடியாது. ஒரு கிலோ நல்ல கரியில் ஏறக்குறைய எட்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு இருக்கிறது. ஆனால் அதை மூடிய இடத்தில் வைக்கவே கூடாது. மேலே கூரையோரம் முழுக்கத் திறந்து விட்டால் வைக்கலாம், அப்போது சூட்டில் பாதி அந்த வழியால் போய்விடும். இன்னொன்று, எந்தக் கரி என்று பாருங்கள். பாலை, வீரை மரக் கரி அருமையான கரிதான், ஆனால் காட்டில் வெட்டிச் சுடுவது சட்டப்படி குற்றம். விறகுக்குக் காட்டுக்குள் போகிறவர்களுக்கு, கண்ணிவெடிக்கான மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இன்னும் நிற்கும் இடங்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. சிரட்டைக்கரியில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

இனி சித்தப்பாவின் சாக்கு.

திறந்து பார்த்தபோது பளபளவென்று கறுப்பாக, தட்டினால் படைபடையாக உடையும் கல். பிற்றுமினஸ் நிலக்கரி. எரிபொருளாகப் பார்த்தால் கிலோவுக்குக் கரிக்குக் கிட்டத்தட்டச் சமமான சூடு, விறகைவிட மிக அதிகம். இடமும் அடைக்காது. நெருப்புப் பிடிக்கத்தான் நேரம் எடுக்கும். கீழே விறகோ கரியோ நன்றாக எரிந்து கொண்டிருக்க வேண்டும். விறகு சாம்பல் மேலேயே எரியும். நிலக்கரிக்கு அடியிலிருந்து காற்று வர வேண்டும், ஆகவே இரும்புத் தட்டுப் போட்ட அடுப்பு வேண்டும். நம் மண் அடுப்பில் போட்டால் கறுத்துக் கிடந்து புகைக்கும்.

புகைதான் இதில் பெரிய விடயம். நூறு கிலோ பிற்றுமினஸ் நிலக்கரியில் இருபது முதல் நாற்பது கிலோ வரை, சூடேறியதும் வாயுவாகவும் தாராகவும் கிளம்பிவிடும். அந்த வாயு எரிய வேண்டுமென்றால் நெருப்புக்கு மேலேயும் காற்று விட வேண்டும். விட்டால் மஞ்சள் சுவாலையாக எரிந்து சூடு தரும். விடாவிட்டால் தடித்த புகையாகப் போய்க் குழாயில் தாராக ஒட்டும். அதைவிட மோசம், புது நிலக்கரியை நிறையப் போட்டு நெருப்பை முழுதாக மூடிவிட்டால் வாயு அடுப்புக்குள் தேங்கி, திடீரென்று பற்றி, கதவைத் தள்ளிக்கொண்டு வெடிக்கும். அதனால்தான் இரவுக்குப் போடும்போது ஒரு பக்கம் செந்தணல் தெரிய விட்டு மறுபக்கம் குவிப்பார்களாம். சித்தப்பாவைத் துருவிக் கேட்டபோதுதான் இதெல்லாம் வந்தது. “ஒருதரம் போட்டால் விடியும்வரை” என்பதற்குப் பின்னால் கனத்த வார்ப்பிரும்பு அடுப்பு, செங்கல் புகைபோக்கி, வருடத்துக்கொருமுறை அதைத் துடைக்க வரும் ஆள் என்று ஒரு குடும்பமே இருந்திருக்கிறது.

அந்தக் குடும்பத்தையும் அங்கே கலைத்துவிட்டார்கள். 1952 டிசெம்பரில் லண்டனை மூடிய நிலக்கரிப் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. டப்ளின் நகரத்தில் 1990இல் இந்த நிலக்கரியின் விற்பனையை நிறுத்தினார்கள். இங்கிலாந்தில் வீட்டு அடுப்புக்கான நிலக்கரியைப் பையில் விற்பது 2021 மே மாதத்திலும், உதிரியாக விற்பது 2023 மே மாதத்திலும் நின்றது. உலக சுகாதார நிறுவனம் 2014இல் வீட்டு எரிபொருளாகப் பதப்படுத்தாத நிலக்கரியைப் பாவிக்க வேண்டாம் என்றே சொன்னது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்ற இடத்தில் புகைபோக்கி இல்லாமல் இதை எரித்துச் சமைத்த பெண்களிடம், புகைபிடிக்காதவர்களாக இருந்தும், நுரையீரல் புற்றுநோய் மிக அதிகமாக இருந்தது. புகைபோக்கி வைத்தபின் குறைந்தது. அடுப்படிக்குள்ளேயே ஆயுளைக் கழித்த பெண்கள் உள்ள வீட்டில் இந்தச் செய்தியை ஒதுக்கிவிட முடியாது.

கோழிக்காரியாக எனக்குப் பிடித்த தகவல் வேறொன்று. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் காபன் மொனொக்சைட்டைக் கண்டுபிடிக்கக் கனேரிக் குருவியைக் கூட்டில் வைத்துக் கொண்டு போவார்கள். 1986 வரை இந்த வழக்கம் இருந்தது. மனிதனுக்குத் தலை சுற்றுவதற்கு முன் குருவி விழுந்துவிடும். நச்சுக் காற்றுக்கு முதலில் விழுவது பறவை என்று தெரிந்துதான் கொண்டு போனார்கள். நான் அதே பறவைச் சாதியில் நூறை வைத்துக்கொண்டு அதே நிலக்கரியை உள்ளே எரிப்பதா?

இதைச் சொன்னதும் சித்தப்பா விடவில்லை. “உள்ளே ஏன் எரிக்கிறாய்? அடுப்பை வெளியில் வைத்துக் குழாயை மட்டும் உள்ளால் விடு” என்றார். நல்ல யோசனை. உண்மையில் என் உமி அடுப்பை இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன், அந்தப் பெருமை அவருக்கே. ஆனால் அந்த ஏற்பாட்டிலும் நிலக்கரி சரிவராது. ஏனென்று சொல்ல அந்த 200 வாற்றுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

சித்தப்பாவின் வீட்டில் இருந்தது ஐந்து கிலோவாற்று அடுப்பு. வெளியே உறையும் குளிரில் முழு அறையைச் சூடாக்க அது சரி. எனக்கு வேண்டியது அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. விறகைச் சிறிதாக எரிக்கலாம், இரண்டு சுள்ளியை வைத்தும் எரிக்கலாம். நிலக்கரி அப்படிச் சிறிதாக எரியாது. தணல் கட்டியாக, ஆழமாக இருந்தால்தான் ஒன்றின் சூட்டில் மற்றது எரியும். கொஞ்சமாகப் போட்டால் அணைந்துபோகும், இல்லாவிட்டால் புகைந்துகொண்டே கிடக்கும். நன்றாக எரியும் அளவுக்குப் போட்டால் குழாயின் முதல் இரண்டடி சிவக்கும், அதற்குக் கீழே உமி. காற்றைக் குறைத்து அடக்கினால் தார் போய் நீளக் குழாயை அடைக்கும். நிலக்கரியில் கந்தகமும் இருக்கிறது. அதன் புகை ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகும், நம் தகரக் குழாய் அதற்கு அதிக நாள் நிற்காது. வெளியே போகும் புகை அம்மாவின் யன்னலுக்குத்தான் முதலில் வரும். சாம்பலைத் தோட்டத்துக்குப் போடவும் கூடாது. அதில் பார உலோகங்கள் இருக்கின்றன. அப்புறம், சாக்கு முடிந்தால் அடுத்ததற்கு எங்கே போவது? இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. கப்பலில் வருவது பெரும்பாலும் நுரைச்சோலை அனல் மின் நிலையத்துக்கு. அங்கே 300 மெகாவாற்று யந்திரங்கள் மூன்றில், மாவாக அரைத்து எரிக்கிறார்கள். என் பல்ப்பில் எரிவதிலும் கொஞ்சம் நிலக்கரி இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

உமிக்கு வருவோம். நூறு கிலோ நெல்லில் இருபது கிலோ மட்டில் உமி. காலபோக அறுவடை முடிந்தால் மில்லுக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும், சாக்கைக் கொண்டு போனால் அள்ளலாம். கிலோவுக்குச் சூடு கரியில் பாதி. எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அதனால் தினமும் சாம்பல் தட்ட வேண்டும்.

அடுப்பு எல்லோருக்கும் தெரிந்த மரத்தூள் அடுப்புத்தான். இருபது லீற்றர் இரும்புப் பெயின்ற் வாளி, கீழே பக்கத்தில் ஓர் ஓட்டை. நடுவில் உலக்கையை நிறுத்தி, சுற்றிவர உமியை இடித்து இறுக்கி, உலக்கையை மெல்லச் சுழற்றி எடுத்தால் நடுவில் புகைக்கூடு. கீழே கொளுத்த வேண்டும். என் வாளி ஏழு மணித்தியாலம் எரிகிறது. இறுக்கம் போதாவிட்டால் நடுராத்திரியில் இடிந்து அணைந்துவிடும். கை பழக நாலைந்து இரவு வேண்டும், முதல் இரவே குஞ்சை நம்பி வைக்காதீர்கள்.

வாளி சுவருக்கு வெளியே, தாழ்வாரத்தின் கீழ், மழை படாமல் நிற்கிறது. மேலே மூடி, மூடியிலிருந்து நாலங்குல இரும்புக் குழாய் கொட்டிலுக்குள் எட்டடி மெல்ல ஏறிப் போய் மறுபக்கத்தால் வெளியே வந்து கூரைக்கு மேல் நிற்கிறது. ஏற்றம் இருந்தால்தான் புகை இழுக்கும். குழாயைச் சுற்றிக் கோழிக்கம்பி வலை. குழாய் சுவரைத் துளைக்கும் இடத்தில் களிமண், கூரையைத் தொடும் இடத்தில் கிடுகை அகலமாக வெட்டித் தகரம். உமிப் புகையிலும் தார் உண்டு, ஆகவே ஒவ்வொரு தடவைக் குஞ்சும் போனபின் குழாயைக் கழற்றித் தட்டுகிறேன். பாதிச் சூடு குழாயோடு வெளியே போகிறது என்று சித்தப்பா கவலைப்பட்டார். போகட்டும். உமி சும்மா கிடைக்கிறது, கெட்ட காற்றும் அதோடு போகிறது. கருகிய உமி நாற்றுப் பைக்கு நல்லது.

காஸ் பற்றிக் கேட்பீர்கள். ஐந்நூறு குஞ்சுக்கு மேல் எடுக்கிறவர்களுக்கு காஸ் சூடாக்கி வசதிதான். எனக்கு 2022 தட்டுப்பாட்டில் சிலின்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றது இன்னும் மறக்கவில்லை. சமையலுக்கு வைத்திருக்கும் ஒன்றைக் கோழிக்குக் கொடுக்க மனம் வராது. பத்துப் பன்னிரண்டு குஞ்சுதான் என்றால் எதுவுமே வேண்டாம், ஓர் அடைக்கோழி போதும். கறண்டே இல்லாத யுத்த வருடங்களில் ஆச்சி அப்படித்தான் வளர்த்தார்.

என் முடிவு இதுதான். ஐம்பது குஞ்சுக்குள் என்றால் பல்ப் மட்டும். கறண்ட் போனால் சுடுதண்ணீர்ப் போத்தலைச் சாக்கில் சுற்றி நடுவில் வைத்து, வட்டத்தைச் சுருக்கி, மேலே துணி போட்டால் நாலைந்து மணித்தியாலம் ஓட்டலாம், இரண்டு தரம் தண்ணீர் மாற்ற எழும்ப வேண்டும். நூறிலிருந்து முந்நூறு வரை முதல் பத்து நாள் பல்ப்பும் உமிக் குழாயும் சேர்த்து, இரவு பத்து மணிக்கு உமியைக் கொளுத்திவிட்டுப் பல்ப்பில் இரண்டை நிறுத்திவிடுவேன். முந்நூறு என்றால் வாளி இரண்டு வேண்டும். கரிச்சட்டி, வெளியே அம்மிக்குப் பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு சுட.

நிலக்கரிச் சாக்கு மாசி வரை கொட்டிலுக்குப் பின்னால் கிடந்தது. பிறகு சந்தியில் இருக்கும் கொல்லர் ஐயாவிடம் கொடுத்தேன். திறந்த பட்டறை, துருத்தி, பக்கத்தை விட்டு நகராத ஆள் என்று நிலக்கரிக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் இருந்தது. பதிலுக்கு ஒரு மண்வெட்டியையும் இரண்டு கத்தியையும் தோய்ச்சல் போட்டுத் தந்தார். சித்தப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “கத்தி நல்லாயிருக்கு, அந்தச் சாக்கைப் பத்திரமாக வை, அடுத்த தைக்கு வாறன்” என்று பதில் வந்திருக்கிறது.